கலாம் ஐயாவின் ஷூவும் என் மாணவனின் பெல்ட்டும்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

ஜூலை 27, கலாம் ஐயா நினைவு நாள் வந்தால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி தவறாமல் வரும். அமெரிக்க விமானக் கம்பெனி அவரை ஷூவைக் கழற்றச் சொன்னது, அவர் முகம் சுளிக்காமல் கழற்றினார், என்ன எளிமை பாருங்கள் என்று. இந்த வருஷம் அதற்குக் கீழே எங்கள் மாப்பிள்ளை ஒருவர், "ஜனாதிபதியா இருந்தவரே வாயைத் திறக்கல, மத்த பாய்ங்க மட்டும் ஏர்போர்ட்ல சோதிச்சா ஏன் குதிக்கிறாங்க?" என்று எழுதியிருந்தார். மாப்பிள்ளை நல்ல மனிதர்தான். அவருக்கு மட்டும் சொல்வதைவிட எல்லோருக்குமாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் நடந்தது என்ன? 2009 ஏப்ரலில் டெல்லி விமான நிலையத்தில் கான்டினென்டல் ஏர்லைன்ஸ்காரர்கள் அவரைச் சோதித்தார்கள். முன்னாள் ஜனாதிபதிகளுக்கு அந்தச் சோதனை கிடையாது என்று நம் அரசாங்க விதியே இருக்கிறது. எல்லோரையும் சோதிப்பதுதான் எங்கள் வழக்கம் என்றது கம்பெனி. ஜூலையில் விஷயம் நாடாளுமன்றத்துக்குப் போனதும் மன்னிப்புக் கேட்டது. இரண்டாவது முறை 2011 செப்டம்பரில், நியூயார்க்கிலிருந்து நம் நாட்டுக்குத் திரும்பும்போது. ஏர் இந்தியா விமானத்தில் ஏறி உட்கார்ந்தே விட்டார். கதவைத் திறக்கச் சொல்லி உள்ளே வந்து, கோட்டையும் ஷூவையும் வாங்கிக்கொண்டு போய்ச் சோதித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். இந்திய அரசு கண்டனம் தெரிவித்தது, அமெரிக்கா வருத்தம் தெரிவித்துக் கடிதம் கொடுத்தது.

கலாம் ஐயா சும்மா இருந்தார், சரி. அவருக்காகப் பேச நாடாளுமன்றம் இருந்தது, அமைச்சர் இருந்தார், தூதரகம் இருந்தது. ராமேஸ்வரத்துப் படகுக்காரர் மகன் அவர். ஜனாதிபதி ஆகாமல் இருந்திருந்தால் அந்த ஷூ கதை நமக்குத் தெரிந்தே இருக்காது.

தெரியாமல் போன ஒரு கதையைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். நம் பக்கத்துப் பையன், என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்தவன். அவன் அத்தா சைக்கிள் கடை வைத்திருந்தார். என் பழைய ஹெர்குலிஸுக்கு எத்தனையோ முறை பஞ்சர் ஒட்டிக் காசு வாங்காமல் அனுப்பியவர். பையன் படித்து அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனான். சில வருஷங்களுக்கு முன் ஒரு புதன்கிழமை விடியற்காலை அத்தா காலமானார். கிடைத்த டிக்கெட்டில் கிளம்பி, வியாழன் இரவு வந்துவிடுவேன் என்றான். அவர்களில் மய்யித்தைச் சீக்கிரம் அடக்கம் செய்வதுதான் முறை. இருந்தும் ஒரே மகன் என்று ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருந்தார்கள்.

அங்கே நடந்ததை அவன் பிறகு சொன்னான். போர்டிங் பாஸில் 'எஸ்' என்ற எழுத்து நான்கு முறை அச்சாகியிருந்தால் தனிச் சோதனை என்று பொருளாம். யாருக்கு வேண்டுமானாலும் வரலாம், காரணம் சொல்ல மாட்டார்கள். பட்டியலில் உள்ள யாரோ ஒருவர் பெயரோடு நம் பெயர் ஒத்துப்போனாலும் வரும். நமக்கோ குடும்பப் பெயர் கிடையாது. இனிஷியலை விரித்து அப்பா பெயரைப் பாஸ்போர்ட்டில் போடுகிறோம். முகமது என்பதை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதலாம். உலகத்தில் எத்தனை லட்சம் முகமதுகள்!

வாசலில் மைக்கில் பேர் சொல்லிக் கூப்பிட்டுத் தனியே நிறுத்தினார்கள். ஷூ, பெல்ட் கழற்றி, உள்ளங்கையில் துணியால் துடைத்து வெடிமருந்து இருக்கிறதா என்று பார்த்து, பையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, லேப்டாப்பை ஆன் செய்யச் சொல்லி... "என் அப்பா இறந்துட்டார்" என்றானாம். "ஸாரி" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு அதிகாரி வேலையைத் தொடர்ந்தார். முடிவதற்குள் விமானம் போய்விட்டது. அடுத்தது மறுநாள்தான்.

இங்கே செய்தி வந்தபோது நானும் அந்த வீட்டு வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். யாரும் சத்தம் போடவில்லை. வியாழன் அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் முடிந்தது. மண் போட மகன் இல்லை. வெள்ளி இரவு வந்தவன் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகக் கபர்ஸ்தானில் இறங்கினான். பேன்ட் நழுவ, ஒரு கையால் பிடித்துக்கொண்டே நடந்தான். பெல்ட் கோட்டுப் பையில் சுருட்டியபடி இருந்தது.

ஆனால் அவனுக்கு வலித்தது சோதனை இல்லையாம். "அவங்க டூட்டி சார்" என்றான். அதுவரை பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்த ஒரு தமிழ்த் தம்பதி, திண்டிவனம் பக்கத்துக்காரர்கள், இவன் பேர் மைக்கில் வந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு நாலு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தார்களாம். அத்தா மௌத் விஷயம் அவர்களுக்குத் தெரியும். ஏறும்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இதை என்னிடம் மூன்று தடவை சொன்னான்.

நம்ம ஊர்க் கோயில் வட்டப்பாறை உங்களுக்குத் தெரியும். அதன் முன் பொய்ச் சத்தியம் செய்ய யாருக்கும் துணிவு வராது என்பார்கள். அங்கேகூட, ஒருவர் மேல் பிராது வந்த பிறகுதான் சத்தியம் கேட்பார்கள். சத்தியம் செய்துவிட்டால் வழக்கு முடிந்தது. இவன் மேல் பிராது கொடுத்தது யார்? சோதித்து ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகும் அடுத்த பயணத்தில் அதே நாலு எழுத்து.

மாப்பிள்ளை, பாதுகாப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் பையையும் பிரிக்கட்டும். கலாம் ஐயாவின் பொறுமையைக் காட்டி இன்னொருத்தன் வாயை அடைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு தகவல். இப்படிப் பெயர்க் குழப்பத்தில் திரும்பத் திரும்ப மாட்டுகிறவர்கள் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையிடம் முறையிட 2007 முதல் ஓர் ஏற்பாடு இருக்கிறது. விண்ணப்பித்தால் ஏழு இலக்கத்தில் 'ரிட்ரெஸ் நம்பர்' கொடுப்பார்கள், டிக்கெட் போடும்போது அதைக் குறிப்பிட வேண்டும். நம்ம பையனும் வாங்கியிருக்கிறான். தொல்லை குறைந்திருக்கிறது, அடியோடு நிற்கவில்லை. இதில் அனுபவம் உள்ளவர்கள் கீழே விவரமாக எழுதுங்கள், மற்றவர்களுக்கு உதவும். அவன் யார் என்று மட்டும் கேட்காதீர்கள்.