பிசிறு

நெருப்பெரிச்சல் என்று இந்த ஊருக்குப் பெயர் வைத்த புண்ணியவான் யாராயிருந்தாலும் சரி, வயிற்றைப் பற்றிய கவலையோடு ஒருவன் வந்து தங்குவதற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அகப்படாது. திருப்பூரை ஒட்டிய ஊர். என் தங்கை வாழ்க்கைப்பட்ட இடம். வீட்டின் முன்கட்டில் எட்டுப் பவர் டேபிள்கள், பின்கட்டில் குடித்தனம். காலையில் மெஷின்கள் கடகடவென்று ஆரம்பித்தால் இரவு எட்டு மணிவரை ஓயாது. அந்தச் சத்தத்துக்கு நடுவில், சென்ற மாதம் பத்து நாட்கள், ஒரு காகிதத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.

விஷயம் இதுதான். சில மாதங்களாக மலத்தில் அவ்வப்போது ரத்தம் கண்டது. எனக்கு நானே வைத்தியனாகி, 'மூலம்' என்று பெயர் சூட்டி, துத்திக் கீரையைத் தின்று பார்த்தேன். எங்கள் தகப்பனாரும் அப்படித்தான் செய்தார். மூன்று வருஷம் மூலம், மூலம் என்றே சொல்லிக்கொண்டிருந்து, கடைசியில் எலும்பும் தோலுமாகப் போய்ச் சேர்ந்தார். உள்ளே என்ன இருந்தது என்று யாரும் பார்க்கவில்லை. அந்த நாளில் அதைப் பற்றிப் பேசுவதே அநாகரிகம்.

இந்த நாளில் மட்டும் என்ன வாழ்கிறது? என் கதாநாயகிகளுக்குக் காச நோயும் இருதய நோயும் தாராளமாக வரவழைத்திருக்கிறேன். பெருங்குடலில் நோய் வந்த கதாநாயகி என் நாவல் ஒன்றிலும் கிடையாது. நோய்களிலும் மேல்ஜாதி, கீழ்ஜாதி பார்க்கிறவர்கள் நாம்.

கடைசியில் ஒரு டாக்டரிடம் போனேன். கொலனாஸ்கோப்பி செய்தார்கள். முதல்நாள் குடிக்கச் சொல்லும் பேதி மருந்துதான் அதில் கஷ்டமான பகுதி. பரிசோதனையின்போது நான் மயக்க மருந்தில் சுகமாக உறங்கிவிட்டேன். விழித்தபோது டாக்டர், "இரண்டு பாலிப் இருந்தது, ஒன்று நாலு மில்லிமீட்டர், ஒன்று பன்னிரண்டு. இரண்டையும் எடுத்தாகிவிட்டது" என்றார்.

பாலிப் என்பது பெருங்குடலின் உட்சுவரில் காளான் மாதிரி முளைக்கும் சதை. பெரும்பாலானவை சாதுவாகவே இருந்துவிடும். 'அடினோமா' போன்ற வகைகள், அதிலும் சிலவே, பத்து வருஷம் போல மெல்ல மெல்லப் புற்றாக மாறக்கூடும். முளையிலேயே எடுத்துவிட்டால் அந்தக் கதை அங்கேயே முற்றும். முன்பெல்லாம் இதற்கு வயிற்றைக் கிழிக்க வேண்டும். 1969-ம் ஆண்டில்தான் நியூயார்க்கில் வில்லியம் உல்ஃப், ஹிரோமி ஷின்யா என்ற இரண்டு டாக்டர்கள், உள்ளே விடும் குழாய் வழியாகவே கம்பிச் சுருக்கு ஒன்றைச் செலுத்திப் பாலிப்பை அறுத்தெடுத்துக் காட்டினார்கள். அந்த உட்சுவருக்கு அறுபடும் வலி தெரியாதாம்.

வீட்டுக்கு அனுப்பும்போது சொன்னவை: இருபத்துநாலு மணி நேரம் வண்டி ஓட்டாதே, பத்திரத்தில் கையெழுத்துப் போடாதே. ஓரிரு நாள் வயிறு உப்பும், காற்றுப் பிரியும், பயப்படாதே. இரண்டு வாரம்வரை லேசாக ரத்தம் தெரியலாம். ஆனால் ரத்தம் நிறையப் போனாலோ, காய்ச்சல் கண்டாலோ, வயிறு கல்லாக இறுகி வலித்தாலோ, ராத்திரி என்று பாராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடி வா. ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், அதை எப்போது மறுபடி தொடங்குவது என்று டாக்டரைக் கேட்டே செய்ய வேண்டும். எடுத்த சதை பயாப்ஸிக்குப் போயிருக்கிறது. பத்து நாளில் காகிதம் வரும்.

உடம்பு மறுநாளே தேறிவிட்டது. மூன்றாம் நாள் தங்கை கொள்ளுப் பருப்பும் பச்சைப்புளி ரசமும் வைத்தாள். மனம்தான் தேறவில்லை. காற்றுப் பிரியாமல் வயிறு பிடித்தால்கூட, 'ஆயிற்று, அப்பாவின் வழிதான்' என்று தோன்றும். அவளிடம், "ஜீரணக் கோளாறு, ஓய்வுக்கு வந்தேன்" என்று புளுகியிருந்தேன்.

அந்த ராத்திரிகளில் நான் நினைத்துக்கொண்டது இரண்டு பேரை. 1958-ல், பத்தொன்பது வயதில், சென்னையில் பிறந்த சியாமளா கோபாலன் என்ற பெண் அமெரிக்காவுக்குப் படிக்கப் போனார். மார்பகப் புற்றுநோயை ஆராய்கிறவராகப் பெயர் பெற்றார். அவரே 2009-ல் பெருங்குடல் புற்றினால் காலமானார். புற்றையே ஆராய்ந்தவரையும் அது விட்டுவைக்கவில்லை.

அவருடைய மகள்தான் கமலா ஹாரிஸ். 2021 நவம்பர் 19-ந் தேதி, அமெரிக்க ஜனாதிபதி ஜோ பைடன், கொலனாஸ்கோப்பிக்காக மயக்க மருந்து எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த எண்பத்தைந்து நிமிஷம் ஜனாதிபதியின் அதிகாரம் முழுவதும் கமலாவின் கையில் இருந்தது. அந்த அதிகாரம் ஒரு பெண்ணிடம் வந்தது அதுவே முதல் தடவை. பைடனின் குடலில் மூன்று மில்லிமீட்டர் பாலிப் ஒன்று அகப்பட்டது, எடுத்தார்கள், அடினோமா என்று அறிக்கை வந்தது, அதையும் ஊரறியச் சொன்னார்கள். தாயாரைக் கொண்டுபோன வியாதிக்கு முளையிலேயே வழி பார்த்த அந்த நேரத்தில், மகள் நாற்காலியில் இருந்தாள். இதை நான் நாவலில் எழுதினால் பத்திரிகாசிரியர் 'தற்செயல் அதிகம்' என்று திருப்பி அனுப்பியிருப்பார்.

ஜனாதிபதியே உலகறியச் சொன்ன சங்கதியைக் கூடப்பிறந்தவளிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

பத்தாம் நாள் போனேன். "இரண்டும் அடினோமாதான். புற்று இல்லை" என்றார் டாக்டர். எனக்குக் கண்கள் நிறைந்துவிட்டன. அவர் தொடர்ந்தார்: "சின்னதாக ஒன்றிரண்டு மட்டும் என்றால் ஏழு முதல் பத்து வருஷம் கழித்துப் பார்த்தால் போதும். உங்களுடையதில் ஒன்று பத்து மில்லிமீட்டரைத் தாண்டியிருக்கிறது. மூன்று வருஷத்தில் வந்துவிடுங்கள். புகையிலையை விடுங்கள், நார்ச்சத்து சாப்பிடுங்கள், நடங்கள். அதோடு, கூடப்பிறந்தவர்கள், பிள்ளைகள் உண்டா? நாற்பது வயதானவர்கள் பார்த்துக்கொள்வது நல்லது."

தங்கைக்கு ஐம்பத்திரண்டு வயது.

வீட்டுக்கு வந்தேன். அவள் முன்கட்டில் உட்கார்ந்து, தைத்து வந்த பனியன்களில் கத்திரியால் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, அப்பாவின் 'மூலத்தில்' ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். மெஷின் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது. அவளுடைய கத்திரி நின்றுவிட்டது.

"பத்து நாளா என்ற ஊட்டுல இருந்துக்கிட்டு, ஒத்தையிலயே பயந்துக்கிட்டுக் கெடந்தீங்களாண்ணா?" என்றாள்.

"கூச்சமாக இருந்தது, அம்மா."

அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, தலையை நிமிர்த்தாமலே, "எனக்கும் ரெண்டு மூணு தடவை ரத்தம் பட்டுச்சுங்கண்ணா. மூலம்னு நெனச்சு ஆருகிட்டயும் சொல்லுல" என்றாள்.

எனக்கு அடிவயிறு பகீரென்றது. உள்ளே எட்டிப் பார்த்து, "மாப்பிள்ளை, நாளைக்குக் காலையில் வண்டி வேண்டும்" என்றேன்.

"எங்கீங்க மச்சான்?" என்றார் அவர், துணிக்கட்டைத் தோளில் தூக்கியபடியே.

நான் வாயைத் திறப்பதற்குள் தங்கையே பதில் சொன்னாள்: "எனக்குத்தானுங்க. ஆஸ்பத்திரிக்கு." சொல்லிவிட்டு, நின்ற இடத்திலிருந்து மறுபடியும் பிசிறு வெட்டத் தொடங்கினாள்.