பனிமேல் ஓடும் மஞ்சள் வண்டி

கனடாவின் கியூபெக் மாகாணத்தில், மான்ட்ரியல் நகரிலிருந்து கிழக்கே காரில் சுமார் ஒன்றரை மணி நேரம் போனால் வால்கூர் என்ற சிற்றூர் வருகிறது. கோடையில் பால் பண்ணைகளும் மேப்பிள் மரங்களுமாகப் பச்சைப் பசேல் என்றிருக்கும் ஊர். குளிர்காலம் வந்துவிட்டால் வயல், வேலி, ஓடை எல்லாம் ஒரே வெள்ளைப் போர்வைக்குள் போய்விடும்.

அந்த வெள்ளையின் மேல் சாலையே இல்லாத இடங்களில் வண்டிகள் சீறிக்கொண்டு போவதைப் பார்க்கலாம். முன்னால் இரண்டு சறுக்குகள், பின்னால் அகலமான ரப்பர் பட்டை, மேலே பைக் போல ஒரு சீட். இதுதான் ஸ்நோமொபைல். அந்த வண்டிகளில் மிகப் பிரபலமான ‘ஸ்கீ-டூ’ பிறந்த ஊர் வால்கூர்தான். இன்றும் இங்கே அதன் தொழிற்சாலை இருக்கிறது.

ஸ்கூட்டர் மாதிரிதான்... ஆனால் இல்லை!

முதல்முறை ஏறுகிறவருக்குத் தைரியம் தரும் விஷயம், இதில் கியர் கிடையாது என்பது. நம் ஊர் ஸ்கூட்டரில் இருப்பதுபோல பெல்ட்டும் விரிந்து சுருங்கும் புல்லிகளும்தான் வேகத்தைப் பார்த்துக்கொள்கின்றன. ‘இவ்வளவுதானா!’ என்று உட்கார்ந்தால், அடுத்த நிமிடமே வித்தியாசம் தெரிந்துவிடும்.

ஆக்சிலரேட்டரை முறுக்க வேண்டியதில்லை. வலது கைப்பிடிக்குக் கீழே ஒரு சிறு நெம்புகோல் இருக்கிறது. கட்டைவிரலால் அதை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். விரலை எடுத்தால் எஞ்சின் தணிந்துவிடும். பிரேக் இடது கையில். வண்டியையும் ஓட்டுபவரின் ஜாக்கெட்டையும் இணைத்து ஒரு சுருள் கயிறு மாட்டியிருப்பார்கள். ஆள் கீழே விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொள்ளும், எஞ்சின் உடனே நின்றுவிடும்.

லேசாக அழுத்தினால் சத்தம் மட்டும் வரும், வண்டி நகராது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் கிளட்ச் பிடித்து, வண்டி சட்டென்று முன்னால் பாயும். புதியவர்கள் எல்லோரும் இந்த முதல் குலுக்கலில் ஒருமுறை பின்னால் சாய்ந்து எழுவார்கள். நாலைந்து முறை பழகியதும் கட்டைவிரல் தானாகவே பக்குவப்பட்டுவிடும்.

திருப்பங்கள்தான் அடுத்த பாடம். சறுக்குகளின் அடியில் உள்ள உலோகப் பட்டைகள் பனியைக் கீறிப் பிடித்தால்தான் வண்டி திரும்பும். ஹேண்டில்பாரை மட்டும் திருப்பினால் போதாது. உடம்பையும் திருப்பத்தின் உட்பக்கமாகச் சாய்த்துக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டி நேராகவே போகப் பார்க்கும்.

ஸ்கூட்டர்காரர்கள் மறக்க வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு. தடுமாறினால் காலை ஊன்றுவது. இருநூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டி இது. ஊன்றிய கால் பனியில் புதைந்து, வண்டி அதன் மேல் சாய்ந்தால் ஆபத்து. கால் எப்போதும் மிதிபலகையிலேயே இருக்க வேண்டும் என்பது வழிகாட்டிகள் திரும்பத் திரும்பச் சொல்லும் விஷயம்.

மூழ்காத ரகசியம்

மனிதன் நடந்தால் இடுப்புவரை புதையும் பனியில், இத்தனை கனமான வண்டி எப்படி மிதக்கிறது? அகலமான ரப்பர் பட்டையும் சறுக்குகளும் எடையைப் பரப்பி விடுகின்றன. அதனால் ஓர் இடத்தில் விழும் அழுத்தம், மனிதன் பாதம் கொடுப்பதைவிடக் குறைவு. ஆனாலும் புதுப்பனியில் வேகத்தைக் குறைத்து நின்றுவிட்டால், பட்டை சுழன்று சுழன்று குழி பறித்துக்கொண்டு இறங்கிவிடும். பிறகு மண்வெட்டிதான் கதி!

அதனால் புதியவர்களைப் பதப்படுத்திய தடங்களில்தான் விடுவார்கள். கியூபெக்கில் 30,000 கிலோமீட்டருக்கும் அதிகமான ஸ்நோமொபைல் தடங்கள் இருக்கின்றன. உள்ளூர் சங்கங்கள் பராமரிக்கும் இந்தத் தடங்களில் பெரும்பாலும் இரவில் இயந்திரம் விட்டுப் பனியைச் சமன்படுத்துவார்கள். குளிரில் அது இறுகி, காலையில் புதுத் தார்ச்சாலைபோல இருக்கும். வண்டிகள் ஓட ஓட மாலையில் மேடுபள்ளமாகிவிடும். முதல் சவாரிக்குக் காலை நேரமே நல்லது.

அதிகபட்ச வேகம் மணிக்கு 70 கிலோமீட்டர். கேட்கக் குறைவாகத் தெரியலாம். மைனஸ் 20 டிகிரி குளிரில் மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று முகத்தில் அடித்தால், தோலுக்கு அது மைனஸ் 36 போல உறைக்கும். கைப்பிடியிலும் கட்டைவிரல் நெம்புகோலிலும் சூடேற்றும் வசதி எதற்கு என்று அப்போதுதான் புரியும். பருத்தி உள்ளாடை கூடாது. வியர்வையில் நனைந்தால் காயாது, குளிர் உள்ளே இறங்கிவிடும்.

எதிரே வருகிறவர்கள் விரல்களைக் காட்டிக்கொண்டே போவார்கள். அது வணக்கம் அல்ல. தனக்குப் பின்னால் இன்னும் எத்தனை வண்டிகள் வருகின்றன என்ற கணக்கு. கடைசி ஆள் மூடிய கையைக் காட்டுவார். எஞ்சின் சத்தத்தில் பேச முடியாத இடத்தில் இதுதான் பாஷை.

உறைந்த ஏரியின் மேல் குறிபோட்ட தடத்தை விட்டு விலகக் கூடாது என்பது இன்னொரு கண்டிப்பான விதி. மேலே ஒரே வெள்ளையாகத் தெரிந்தாலும், அடியில் நீரோட்டம் உள்ள இடத்தில் பனிக்கட்டி மெலிந்திருக்கும். எட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

ஒரு தகப்பனின் கதை

சவாரி முடிந்து இறங்குகிறவர்கள் பலரும் அடுத்துப் போவது ஊருக்குள் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு. ஸ்கீ-டூவை உருவாக்கிய ஜோசப் அர்மாண்ட் பம்பார்டியரின் வாழ்க்கையைச் சொல்லும் இடம் அது. அவர் 1926-ல் தொடங்கிய கார் பட்டறையையும் அங்கே பார்க்கலாம். டெல்லி மெட்ரோவில் பயணம் செய்தவர்களுக்கு ‘பம்பார்டியர்’ என்ற பெயர் பழக்கப்பட்டிருக்கும். அங்கே ஓடும் ரயில்களில் பலவற்றைத் தயாரித்தது, இவர் தொடங்கிய நிறுவனம்தான்.

அர்மாண்ட் 1907-ல் பிறந்தவர். 15 வயதில், பழைய ஃபோர்டு காரின் எஞ்சினைச் சறுக்குவண்டியில் பொருத்தி, பின்னால் மர விசிறி ஒன்றைச் சுழலவிட்டு, தம்பியோடு தெருவில் ஓட்டிக் காட்டினார். விசிறி யாரையாவது வெட்டிவிடுமோ என்று பயந்த அப்பா, அதை உடனே பிரிக்கச் சொல்லிவிட்டார்.

அந்தக் காலத்தில் குளிர்காலம் வந்தால் கிராமச் சாலைகளை யாரும் சுத்தம் செய்ய மாட்டார்கள். காரைக் கொட்டகையில் ஏற்றிவிட்டு, குதிரைச் சறுக்குவண்டிதான். 1934 குளிர்காலத்தில் அர்மாண்டின் இரண்டு வயது மகன் ஈவோனுக்குக் குடல்வால் அழற்சி முற்றிவிட்டது. மருத்துவமனை இருந்தது ஷெர்புரூக் நகரத்தில். வழியெல்லாம் பனி. பட்டறையில் சோதனை வண்டிகள் இருந்தும், ஓட்டும் நிலையில் ஒன்றுகூட இல்லை. குழந்தை இறந்துபோனான்.

பனிவண்டி ஆசை அவருக்கு முன்பே இருந்ததுதான். ஆனால் அதன்பிறகு அது விளையாட்டாக இல்லை. பல் சக்கரமும் ரப்பர் பட்டையும் சேர்ந்த அமைப்பைக் கண்டுபிடித்து 1937-ல் காப்புரிமை பெற்றார். ஏழு பேர் உட்காரும் பி7 வண்டியும், பிறகு பன்னிரண்டு பேருக்கான பி12 வண்டியும் வந்தன. டாக்டர்களும் தபால்காரர்களும் அவற்றில் போனார்கள். பள்ளிப் பிள்ளைகளும் போனார்கள்.

1940-களின் கடைசியில் கியூபெக் அரசு கிராமச் சாலைகளிலும் பனியை அகற்றத் தொடங்கியது. மக்களுக்கு நல்ல காலம், பம்பார்டியருக்கு வியாபாரம் படுத்தது. அவர் காட்டு வேலைகளுக்கான வண்டிகள் பக்கம் திரும்பினார். கடைசியில் 1959-ல், ஓரிருவர் மட்டும் உட்காரும் சின்ன வண்டியான ஸ்கீ-டூ வந்தது. வேட்டைக்காரர்களும், வட பகுதியில் ஊர் ஊராகப் போகும் பாதிரியார்களும் வாங்குவார்கள் என்பது அவர் கணக்கு. இழுவை நாய்களின் இடத்தைப் பிடிக்கும் வண்டி என்பதால் ‘ஸ்கீ-டாக்’ என்று யோசித்த பெயர், அச்சுப்பிழையில் ‘ஸ்கீ-டூ’ ஆனதாகச் சொல்வார்கள். ஆனால் சாதாரண ஜனங்கள் ஜாலிக்காகவும் அதை வாங்க ஆரம்பித்தார்கள். அந்த அலை முழுவதையும் பார்க்காமலே, 1964-ல் 56 வயதில் அர்மாண்ட் காலமானார்.

இப்போது சத்தமில்லாமல்

இப்போது மின்சார ஸ்நோமொபைல்களும் வந்துவிட்டன. 2024 மாடலாக வந்த மின்சார ஸ்கீ-டூ, முழு சார்ஜில் 50 கிலோமீட்டர் வரை போகும் என்கிறது நிறுவனம். நாள் முழுக்கச் சுற்றுகிறவர்களுக்கு இது போதாது. ஆனால் புதியவர்களை ஒரு மணி நேரம் அழைத்துப் போகும் வழிகாட்டிகளுக்குப் பொருத்தம். புகை இல்லை, எஞ்சின் உறுமல் இல்லை. பட்டை பனியில் உரசும் ஓசை மட்டும் கேட்கும். காடு எவ்வளவு அமைதியானது என்பதே அப்போதுதான் தெரியும்.

எந்த மாடலானாலும் பனி வேண்டும். பட்டை சறுக்கும் பிளாஸ்டிக் பாகங்களுக்கு வழவழப்பு தருவதே பனிதான். தண்ணீரால் குளிரும் எஞ்சின்களுக்கு, பட்டை வாரியிறைக்கும் பனிதான் சூட்டைத் தணிக்கிறது. வெறும் பனிக்கட்டிமேல் வெகுதூரம் போனால் எஞ்சின் கொதிக்க ஆரம்பித்துவிடும். தெற்கு கியூபெக்கில் இப்போது குளிர்காலத்தின் நடுவிலேயே மழை பெய்து தடங்கள் கரைவதுண்டு. அப்போதெல்லாம் தடங்களை மூடிவிட்டு, அடுத்த பனிப்பொழிவு எப்போது என்று சங்கத்தினர் வானிலை அறிக்கையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

90 வருடங்களுக்கு முன்பு இதே ஊரில், ஒரு குடும்பம் பனி எப்போது விடும் என்று வானத்தைப் பார்த்துத் தவித்தது. இன்று அதே வானத்தைப் பார்த்து, பனி எப்போது வரும் என்று கேட்கிறார்கள்.