மிகாமலும் குறையாமலும்

கணக்கென்றால் விடை ஒன்றே என்னும் எண்ணம் நம்மிற் பலர்க்கு இளமையிலேயே வேரூன்றி விடுகின்றது. ஆறேழு நாற்பத்திரண்டு; அதனின் ஒன்று கூடினும் பிழை, ஒன்று குறையினும் பிழை. இவ்வெண்ணத்தோடு வளர்ந்து ஏழாம் வகுப்பை அடையும் மாணாக்கன் முன்னே, சமனிலி என்றும் அசமன்பாடு என்றும் வழங்கும் பகுதி வந்து நிற்குங்கால் அவன் மருளுவது இயல்பேயாம். ஐந்தினும் பெரிய எண் யாது என வினவின், ஆறு என்பான். ஏழும் ஆகுமன்றோ என்றால், ஆகும் என்று ஒப்புக்கொண்டு, 'அப்படியாயின் எதை எழுதுவது?' என்று நம்மையே திருப்பிக் கேட்பான். விடை ஒரு புள்ளியன்று, ஒரு வெளி என்பதை அவனுக்கு உணர்த்துவது எங்ஙனம்?

தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயில்வோன் கணக்கைப் பற்றி எழுதப் புகுந்தது என்னையோ என்று அன்பர் சிலர் நகைத்தல் கூடும். நம் கல்லூரியின் சேவைத் திட்டத்தின்படி, பாளையங்கோட்டையை அடுத்துள்ள ஒரு பள்ளிக்கு யான் சனிக்கிழமைதோறும் சென்றது தமிழ் கற்பிக்கவே. ஆனால் அப்பிள்ளைகள் கணக்கில் இடறியதோ தமிழில்தான். 'பதினெட்டு வயதிற்குக் குறையாதவர் வாக்களிக்கலாம்' என்பதைக் குறியீட்டில் எழுதுமாறு கூறியபோது, வகுப்பிற் பாதிப்பேர் 'வ < 18' என்று எழுதினர். அவர்கள் செய்த பிழையின் காரணம் வெளிப்படை. 'குறை' என்னும் பகுதி காதில் விழுந்தவுடன் கை குறியை இட்டுவிட்டது. அதன்பின் வந்த எதிர்மறையைக் கேட்க ஒருவரும் காத்திருக்கவில்லை. குறையாத என்பது எதிர்மறைப் பெயரெச்சம் என்று மனனம் செய்து மதிப்பெண் பெறும் நாமும், அவ்வெதிர்மறை ஒரு எண்ணின் எப்பக்கத்தே நம்மை நிறுத்துகின்றது என்று என்றேனும் எண்ணினோமா?

வாக்குரிமை வயது 21-லிருந்து 18-ஆகக் குறைக்கப்பட்டது 1988-ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தத்தால். சட்டம் 'குறையாத' என்றே கூறுகின்றது. 'மேற்பட்ட' என்று கூறிற்றில்லை. மேற்பட்ட என்றிருந்தால் பதினெட்டாம் பிறந்தநாளன்று ஒருவன் வாக்காளனா அல்லனா என்று வழக்குத் தொடுக்கலாம். விளிம்பு உள்ளே உளதா வெளியே உளதா என்னும் இவ்வினா கணித நூலோர்க்கும் எளிதில் தீர்ந்ததன்று. சமக்குறியை ராபர்ட் ரெக்கார்டு என்பார் 1557-இல் வழங்கினார். பெரிது, சிறிது என்பவற்றின் குறிகள் தாமஸ் ஹாரியட் என்பாரின் நூலில், அவர் மறைந்தபின் 1631-இல் அச்சேறின. விளிம்பையும் சேர்த்துக்கொள்ளும் குறியோ, பூகே என்னும் பிரெஞ்சு அறிஞர் கைவழியே 1734-இல்தான் வந்தது. நூறாண்டு தாமதித்து வந்த ஒன்றை ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது நிமிடத்தில் பெறவேண்டும் என்கின்றோம்!

நம் முன்னோர் இவ்வெல்லைகளை நன்கு அறிந்திருந்தனர். அகப்பாட்டுக்களைத் தொகுத்தோர் அடியளவையே வேலியாக நாட்டினர். குறுந்தொகைக்கு 4 அடி முதல் 8 அடி வரை. நற்றிணைக்கு 9 முதல் 12 வரை. அகநானூற்றுக்கு 13 முதல் 31 வரை. விலக்காக வருவன மிகச் சிலவே. இவற்றைக் கரும்பலகையில் எண்கோடு வரைந்து காட்டியபோது பிள்ளைகட்கு ஓரளவு விளங்கிற்று. ஐங்குறுநூற்றுக்கு 3 முதல் 6 வரை என்று அடுத்த கோட்டை வரைந்தவுடன், 'ஐந்தடிப் பாட்டு ஒன்று வந்தால் எந்தப் புத்தகத்திற் போடுவது, அண்ணா?' என்று ஒருவன் கேட்டான். இரண்டு எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று கவியும் இடம் அவன் கண்ணிற் பட்டுவிட்டது. அக்கேள்விக்காக அவனை யான் இன்றும் மதிக்கின்றேன்.

எனினும், பாட்டின் அடிகள் அவர்கள் பசிக்கு உணவாகா. அவர்களே விரும்பும் ஒன்றை அவர்களே கணக்கிடல் வேண்டும் என்று வகுப்பாசிரியரும் யானும் கலந்து முடிவு செய்தோம். சுற்றுலா! அச்சொல்லைக் கேட்டவுடன் 36 பிள்ளைகளும் ஒரே குரலில் கூறிய ஊர் கன்னியாகுமரி. நன்று, நீங்களே திட்டம் வகுத்து வாருங்கள், ஆனால் சமனிலியாக எழுதி வாருங்கள் என்றோம். பழைய மாணவர் தந்த 3,000 ரூபாய் கையிருப்பு. பேருந்து வாடகை 12,000 ரூபாய் என்று விசாரித்து வந்தனர். 36 பிள்ளைகளும் பெரியோர் மூவருமாக 39 பேர்க்கு, உணவிற்கும் நுழைவுச் சீட்டிற்கும் தலைக்கு 80 ரூபாய், ஆக 3,120. படகுக் கூலியை மனமின்றியே விலக்கினர். ஒவ்வொரு பிள்ளையின் பங்கையும் 'ப' என வைத்து, பலகையில் எழுந்தது இது:

36ப + 3000 ≥ 15120

ஆகவே ப என்பது 336-க்கும் சற்று மேல். சற்று மேல் என்பதை 336 என்று தள்ளிவிடலாமா என்று கேட்டனர். 336 வீதம் வாங்கின் 24 ரூபாய் துண்டு விழும். ஓட்டுநர் அதனைத் தள்ளிவிடுவாரா? எனவே 337. பாதிக்குக் குறைந்தால் தள்ளுக என்று கீழ்வகுப்பிற் கற்ற விதி இங்கே செல்லாது என்பதை யாம் சொல்லவே தேவையில்லாதாயிற்று.

அடுத்தது பெட்டி. வீட்டில் இயன்றது இவ்வளவே, இதற்கு மிகாது என்று பெற்றோரைக் கேட்டு, பெயரின்றி ஒரு சீட்டில் எழுதி இடுமாறு ஆசிரியர் கூறினார். சீட்டுக்களை விரித்தபோது மிகப் பெரிய எண் 400. 337-க்குக் குறையாத சீட்டுக்கள் 11. ஒரு சீட்டில் சுழி மட்டுமே இருந்தது. பென்சிலால், மிகச் சிறியதாக. ப என்பது 337-க்குக் குறையலாகாது. எல்லாரும் செல்ல வேண்டுமாயின் 0-க்கு மிகலாகாது. எண்கோட்டில் இரண்டையும் வரைந்தபோது இரண்டும் தொடவேயில்லை. பாடநூலில் 'தீர்வு இல்லை' என்று ஒரு வரியிற் கடந்து செல்லும் செய்தி, அன்று அவ்வகுப்பின் நடுவே வந்து அமர்ந்துகொண்டது. ஐந்தப்பத்தை ஐயாயிரம் பேர்க்குப் பங்கிட்டவர் வேறு. நமக்கு அவ்வாற்றல் இல்லை.

சுறுசுறுப்பான ஒரு சிறுவன் எழுந்து, 'அந்தப் பதினொரு பேர் மட்டும் போகட்டும்' என்றான். யாம் கடிந்துகொள்ளவில்லை, கணக்கிடு என்றோம். அதே பேருந்தில் 11 பிள்ளைகளும் பெரியோர் மூவரும் செல்லின் செலவு 13,120. கையிருப்புப் போகத் தலைக்கு 920. நானூறுக்கு மிகாதவர் 920 தருவது எப்படி? பிறரை விட்டுச் செல்வது விலையேறியதாக முடிந்தது கண்டு வகுப்பு நகைத்தது. அவனோ விடவில்லை. 14 பேர் அமரும் வேன் 5,000 ரூபாய்க்குக் கிடைக்கும் என்றான். உணவிற்கும் சீட்டிற்கும் 1,120 சேர்த்து, 3,000 கழித்து, பதினொன்றால் வகுத்தால் 284-க்குள் அடங்கியது. கணக்குச் சரியே. அவனுடைய சமனிலிக்குத் தீர்வு இருந்தது.

சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பின்னர் முதல் வரிசையில் இருந்த ஒரு பெண், 'அந்த 3,000 எல்லாருக்கும் தந்ததுதானே? பதினொரு பேருக்கு அதை எப்படிக் கழிக்கலாம்?' என்றாள். அவள் கணக்கில் சிறந்தவள் அல்லள். ஆயினும் கையிருப்பைக் கழித்தது தவறு என்று அவள் கண்டதும், கழிக்காமற் போட்டால் தலைக்கு 557 ஆகும் என்று பின்னிருந்தவர் கணக்கிட்டுக் கூவியதும் அடுத்தடுத்து நிகழ்ந்தன. வேன் அத்துடன் நின்றது. இவ்விடத்தில் விடையளித்தது கணக்கா, வேறொன்றா என்று யான் பன்முறை எண்ணியதுண்டு. சமனிலி ஒரு வெளியைத் திறந்து விடுகின்றது. அவ்வெளியில் எங்கே நிற்பது என்பதை அது சொல்வதில்லை. அன்றியும், 3,000 யாருடையது என்று முதலில் தீர்மானித்த பின்னரே அவ்வெளியின் எல்லையும் தீர்மானமாகின்றது.

இப்போது ப-வைச் சுழியாகவே வைத்துக்கொண்டு ஊரைத் தேடினர். கொக்கிரகுளத்தில், தாமிரபரணிக் கரையருகே, 1987-இல் திறக்கப்பெற்ற மாவட்ட அறிவியல் மையம் இருக்கின்றது. ஒரு மணி நேர நடைக்குள். 39 பேர்க்கு 3,000 எனின் தலைக்கு 76-க்கு மிகலாகாது. முன்பு வகுத்த 80-இல் நான்கேனும் குறைய வேண்டும். எதைக் குறைப்பது என்ற பூசல், மேற்கூறிய எல்லாவற்றினும் நீண்டது. இறுதியில் வடை போயிற்று, அல்வா நின்றது. திருநெல்வேலிப் பிள்ளைகளிடம் வேறென்ன எதிர்பார்த்தல் கூடும்?

நடந்தே சென்று வந்தோம். 39 பேர்க்கு 75 வீதம் 2,925 செலவாயிற்று. 75 ரூபாய் மிச்சம். அதனை ஓர் உண்டியலில் இட்டு, கன்னியாகுமரிக்கென இப்போது சேர்த்து வருகின்றனர். நாற்பது வாரம், 36 பேர், இன்னும் வேண்டுவது 15,045. ஆகவே வாரந்தோறும் 11 ரூபாய்க்குக் குறையாமல் என்று ஒருவன் உண்டியலின்மேல் எழுதி ஒட்டினான். அடுத்த சனிக்கிழமை சென்றபோது 'குறையாமல்' என்பது அடிக்கப்பட்டு, அதன்மேல் வேறு கையெழுத்தில் 'இயன்றது' என்று எழுதப்பட்டிருந்தது. அவ்வாறாயின் நாற்பது வாரம் போதுமா என்பதைப் பிள்ளைகள் இன்னும் போட்டுப் பார்க்கவில்லை.