ஆணியும் இரும்புக்கையும்

மட்டாஞ்சேரி அண்ணாச்சிக்கு சூப்பர்மேனைப் பிடிக்காது. பறக்கிறான், தோட்டா துளைப்பதில்லை, ரயிலை ஒற்றைக் கையால் நிறுத்துகிறான். சரி, இதற்கெல்லாம் அவன் என்ன கொடுத்தான்? பஜார் ரோட்டில் மிளகும் சுக்கும் விற்கும் கடையொன்றில் கணக்கெழுதுகிறவர் கேட்கக்கூடிய கேள்விதான். வரவு மட்டும் இருந்து செலவே இல்லாத பேரேட்டை அவர் நம்புவதில்லை. கிரிப்டோனைட் கல் இருக்கிறதே என்று யாராவது சொன்னால் போதும், தேதி சொல்லி மடக்குவார். சூப்பர்மேன் வந்தது 1938-இல். கிரிப்டோனைட் 1943-இல் வானொலி நாடகத்தில் எட்டிப் பார்த்து, காமிக்ஸ் புத்தகத்துக்குள் வர 1949 ஆயிற்று. பதினோரு வருஷம் கழித்து ஒட்டிய செலவுச் சீட்டு எந்தத் தணிக்கையில் செல்லும்?

இந்தப் பிடிவாதத்துக்கு வேர் சிவகாசியில் இருக்கிறது. 1972-இல் அங்கிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்தது 'இரும்புக்கை மாயாவி'. பிரிட்டனில் 1962-இல் தொடங்கிய 'வேலியண்ட்' வார இதழின் கதாபாத்திரம் அவன். கென் புல்மர் எழுத, ஸ்பெயின்காரரான ஜீசஸ் பிளாஸ்கோ வரைந்தார். ஆய்வுக்கூட விபத்தில் வலது கையை இழந்த லூயிஸ் கிராண்டல் இரும்புக் கை பொருத்திக்கொள்கிறான். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்துவிடும், கை மட்டும் மறையாது.

அந்த ஒரு விதிதான் அண்ணாச்சியைக் கவர்ந்தது. பிளாஸ்கோவின் கட்டங்களில் பாதிக்கு மேல் கறுப்பு மை. இருட்டுத் தாழ்வாரம், திறந்து கிடக்கும் பெட்டகம், அந்தரத்தில் ஓர் இரும்புக் கை. ஆளைக் காணோம், ஆனால் ஆள் இருக்கிறான் என்று கை காட்டிக்கொடுக்கிறது. மறைய வேண்டுமானால் முதலில் ஷாக் அடிக்க வேண்டும். மறைந்த பிறகும் முழுசாக மறைய முடியாது. வரவும் செலவும் ஒரே பக்கத்தில் எழுதிய கதை என்பார் அவர். போதாக்குறைக்கு அந்த மாயாவி திருடனாகத் தொடங்கி, பிறகுதான் திருந்தி உளவாளி ஆனவன்.

வேடிக்கை என்னவென்றால், சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகலே 1966 முதல் பிரிட்டனின் 'லயன்' இதழுக்கு ஸ்பைடர் கதைகளை எழுதினார். குற்ற உலகச் சக்கரவர்த்தியாகத் துடித்த அதே ஸ்பைடர்தான் பின்னாளில் தமிழ்ப் பிள்ளைகளின் செல்லம் ஆனான். தன்னை மிஞ்ச ஆளில்லை என்ற தலைக்கனமே அவனுக்கு எதிரி. சீகல் பழைய கணக்கை நேர் செய்துவிட்டார் என்பது அண்ணாச்சியின் துணிபு. சீகலிடம் யாரும் கேட்டதில்லை.

தொலைக்காட்சி பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் குறைவு. 1963-இல் தொடங்கிய 'டாக்டர் ஹூ'வை மட்டும் மன்னிக்கிறார். காலத்தைக் கடக்கும் அந்த நீலப் பெட்டி, போக நினைத்த இடத்துக்கு ஒழுங்காகப் போய்ச் சேராது. அப்படிப்பட்ட வண்டியை நம்பலாமாம். விண்வெளிச் சண்டையாகவே ஓடும் தொடர்களைக் கண்டால் மட்டும், டீசல் யார் போடுகிறார்கள் என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விடுவார்.

கேரளத்துக்கு வந்த பிறகு அவருக்கு ஒரு புதையல் கிடைத்தது. கொட்டாரத்தில் சங்குண்ணி 1909 முதல் தொகுத்து வெளியிட்ட 'ஐதீகமாலை'. யானை, மந்திரவாதி, வைத்தியன், யக்ஷி என்று பழங்கதைகளின் பெருங்களஞ்சியம். அதில் கடமற்றத்துக் கத்தனார் கதையை அண்ணாச்சி எத்தனை முறை படித்தாலும் முதல் முறை போலத்தான் சொல்வார். கத்தனார் ஒரு கிறிஸ்தவப் பாதிரி, மந்திரம் கற்றவர். கடமற்றம், மட்டாஞ்சேரி இருக்கும் இதே எர்ணாகுளம் மாவட்டத்தில்தான் இருக்கிறது, தேவாலயம் இன்றும் நிற்கிறது. தெற்கே காட்டுவழியில் போகிறவர்களிடம் சுண்ணாம்பு கேட்டு நின்று, ஆளையே விழுங்கிவிடும் யக்ஷியை அவர் அடக்குகிறார். வாளில்லை, இடிமின்னல் இல்லை. தலையில் ஓர் இரும்பு ஆணியை இறக்குகிறார், அவ்வளவுதான். அந்த நிமிஷமே அவள் சாதாரணப் பெண்ணாகி, சொன்ன வேலையைச் செய்துகொண்டு அவர் பின்னாலேயே வருகிறாள்.

கதை அங்கே முடிந்திருந்தால் அண்ணாச்சி அதைப் பொருட்படுத்தியிருக்க மாட்டார். வழியில் ஒரு வீட்டில் தங்குகிறார்கள். அந்த வீட்டுக் கிழவி, வந்த பெண்ணின் கூந்தலழகில் மயங்கித் தலை வாரிவிடுகிறாள். விரலில் ஏதோ இடறுகிறது. பார்த்தால் ஆணி. ஐயோ பாவம் என்று பிடுங்கி எடுக்கிறாள். பெண்ணைக் காணோம்! மகா மந்திரவாதியின் வேலையைக் கெடுத்தது இன்னொரு மந்திரவாதி அல்ல, இரக்கமுள்ள ஒரு கிழவியின் விரல். இந்த இடத்தில் அண்ணாச்சி பேனாவைக் கீழே வைத்துவிடுவார். அமெரிக்காவில் ஐம்பது பேர் உட்கார்ந்து எழுதும் தொடர்களில் இப்படி ஒரு திருப்பம் உண்டா என்று கேட்பார். 2004-இல் ஏசியாநெட்டில் பிரகாஷ் பால் நடித்த 'கடமற்றத்து கத்தனார்' தொடர் ஓடியபோது கேரளமே அதன் முன் உட்கார்ந்திருந்தது. அண்ணாச்சிக்கு அதில் ஆவியும் புகையும் அதிகம், ஆணி குறைவு.

2025 ஓணத்தையொட்டி வந்த 'லோகா' படத்தால் பஜார் ரோட்டில் ஒரு வாக்குவாதமே நடந்தது. டொமினிக் அருண் இயக்கம். கல்யாணி பிரியதர்ஷன் நாயகி.

"அண்ணாச்சி, லோகா கண்டோ?" என்றான் கடைப் பையன்.

"பார்த்தேன் தம்பி. முதல் கணக்குப் பாஸ்."

காரணம் உண்டு. கள்ளியங்காட்டு நீலி என்ற யக்ஷியை இன்றைய பெங்களூரில் கொண்டுவந்து நிறுத்தும் கதை அது. மூப்பு கிடையாது, பலம் அபாரம். ஆனால் ரத்தம் இல்லாமல் இருக்க முடியாது. அதைப் பாக்கெட்டில் வாங்கிக் குடிக்கிறாள். செலவு எழுதியாகிவிட்டது. கள்ளியங்காடு நாகர்கோவில் பக்கம் என்பதால் நீலி பாதி நம்ம ஊர்க்காரி என்று ஒரு வரி அதிகமாகவும் சேர்த்துக்கொண்டார்.

கிராபிக்ஸ் பற்றிப் பேச்சு வந்தால் அவர் கை காயலுக்கு அக்கரையைக் காட்டும். காக்கநாட்டில் நவோதயா ஸ்டுடியோ. 1984 ஆகஸ்டில் வெளியான, இந்தியாவின் முதல் 3டி படமான 'மை டியர் குட்டிச்சாத்தா'னின் தாய்வீடு. ஜிஜோ புன்னூஸ் இயக்கம், இளையராஜா இசை, ஒளிப்பதிவு அசோக் குமார். ஒரு பாட்டில் பிள்ளைகள் தரையிலிருந்து சுவருக்கும், சுவரிலிருந்து கூரைக்கும், மறுபக்கமாகக் கீழேயும் சாவகாசமாக நடந்து வருவார்கள். கலை இயக்குநர் கே.சேகர் அந்த அறையையே சுழலும்படி அமைத்திருந்தார். காமிராவை அறையோடு சேர்த்துப் பொருத்திவிட்டால் இரண்டும் ஒன்றாகச் சுற்றும். பார்ப்பவர் கண்ணுக்கு அறை அசையாது. உண்மையில் பிள்ளைகள் கடைசிவரை கீழேதான் நடந்தார்கள், சுவரும் கூரையும் முறை வைத்துக் காலடிக்கு வந்தன. 1951-இல் ஃப்ரெட் அஸ்டெயர் கூரையில் ஆடியதும், 1968-இல் குப்ரிக்கின் விண்கலத்துக்குள் ஒருவர் வட்டமாக ஓடியதும் இந்த வித்தையால்தான். கணினி இல்லை. உழைப்பு முழுக்கச் செலவுப் பக்கத்தில் இருக்கிறது.

அண்மைக்காலத்தில் அவருக்கு மிகவும் பிடித்தது 'மின்னல் முரளி'. பேசில் ஜோசஃப் இயக்கி, 2021 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. இதற்காகக் காலடியில் போட்டிருந்த தேவாலய செட்டை 2020 மே மாதம் ஒரு கூட்டம் அடித்து நொறுக்கியது. இல்லாத தேவாலயத்தை இடிக்கக் கிளம்பியவர்களுக்கு அறிபுனையில் ஆர்வம் அதிகம் போலும். ஒரே இரவில் மின்னல் தாக்கி இருவருக்கு சக்தி வருகிறது. ஒருவன் தையற்காரன் ஜெய்சன், டொவினோ தாமஸ். இன்னொருவன் ஊரே கிறுக்கனென்று ஒதுக்கிய ஷிபு. உஷா என்ற ஒருத்திக்காகப் பல வருஷம் காத்துக் கிடந்தவன். சக்தி வந்த பிறகும் அவன் கேட்பது அவளை மட்டும்தான், அதுவும் கைக்கு வந்த வேகத்தில் போய்விடுகிறது.

கடையில் இதில் இரண்டு கட்சி. மின்னல் முரளியாகும் ஜெய்சன்தான் ஹீரோ, படமே அவன் பெயரில்தானே இருக்கிறது என்பது பையனின் வாதம். ஜெய்சன் போட்டது சட்டைத் துணிச் செலவு, ஷிபு போட்டது வாழ்க்கை முதல் என்பது அண்ணாச்சியின் தீர்ப்பு. ஷிபுவாக நடித்த குரு சோமசுந்தரம் கூத்துப்பட்டறையில் பயின்ற தமிழர், 'ஆரண்ய காண்ட'த்திலும் 'ஜோக்க'ரிலும் பார்த்த முகம். அதனால்தான் இந்த ஒருபக்கச் சார்பு என்று பையன் கிண்டலடிக்கிறான். அண்ணாச்சி அதை மறுக்கவில்லை. ஒரு டீ அதிகமாகச் சொன்னார், அதையும் பையன் கணக்கில் எழுதச் சொன்னார்.