ஒட்டு எங்கே விட்டது?

பசை எவ்வளவு பளு தாங்கும் என்று சோதிக்கப் போவதாக மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவர்கள் நால்வர் சொன்னபோது, சுலபமான புராஜெக்ட் என்றுதான் எங்கள் துறையில் பலரும் நினைத்தார்கள். மரத்தாலான இரண்டு பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஒட்டி, கீழே வாளியைத் தொங்கவிட்டு, பிய்யும்வரை மணல் கொட்டினால் முடிந்தது.

கணக்குப் போட்டதும் முகங்கள் மாறின. உலோக ஒட்டுகளுக்கான ஏஎஸ்டிஎம் டி1002 தர முறையில் பட்டையின் அகலம் 25.4 மி.மீ., ஒன்றன்மேல் ஒன்று படியும் நீளம் 12.7 மி.மீ. அதே அளவை மரத்துக்கு எடுத்துக்கொண்டு, தச்சுப் பசை சதுர மில்லிமீட்டருக்கு 5 நியூட்டன் தாங்கும் என்று வைத்தால் 160 கிலோவுக்கு மேல் தொங்கவிட வேண்டும். எந்த வாளி தாங்கும்? ஒட்டும் பரப்பை 10 மி.மீ.க்கு 10 மி.மீ. ஆகச் சுருக்கினார்கள். ஒன்றுக்கு ஐந்து என்ற விகிதத்தில் இரும்பு ஆங்கிளில் ஒரு நெம்புகோல் செய்தார்கள். பத்துக் கிலோ மணல் போட்டால் ஒட்டின்மேல் ஐம்பது கிலோ இழுக்கும். வாளிக்கு ஓர் அங்குலம் கீழே பழைய டயர். ஒருவன் மணல் இறங்கும் புனலின் வாயருகே விரலை வைத்துக்கொண்டே நிற்பான்; 'டப்' என்ற சத்தம் கேட்ட கணமே மணலை அடைக்க வேண்டும்.

அப்படியும் எண்கள் ஒத்துவரவில்லை. ஒரே மரம், ஒரே டப்பாப் பசை, ஒருநாள் முழுக்கக் காய்ந்த ஒட்டுகள். ஆனால் ஒன்று தாங்கியதில் பாதியைக்கூட மற்றொன்று தாங்கவில்லை. "சராசரி எடுத்துடலாமா சார்?" என்று ஒருவன் கேட்டான். குழுவில் இருந்த பெண்தான் உடைந்த துண்டுகளைக் குப்பைக்கூடையிலிருந்து பொறுக்கி, பிய்ந்த முகம் மேலே தெரியும்படி மேசையில் ஜோடி ஜோடியாகப் பரப்பினாள்.

சிலவற்றில் பசை கண்ணாடித் தாள்போல முழுசாக ஒரு பக்கமே தங்கியிருந்தது. மறுபக்கம் வெறும் மரம். அங்கே பசை பிடிக்கவே இல்லை. சிலவற்றில் இரண்டு பக்கமும் வெள்ளைப் படலம் கிழிந்து நின்றது; பசையே நடுவில் அறுந்திருக்கிறது. பளு அதிகம் தாங்கியவற்றில் மரநார் உரிந்து எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கிடந்தது. அங்கே தோற்றது மரம். அந்த எண்ணைப் பசையின் பலம் என்று எழுதவே முடியாது. பசையின் பலம் அதற்கும் மேல் என்று மட்டுமே சொல்லலாம். மூன்றையும் கூட்டி வகுத்து வரும் சராசரிக்கு என்ன பொருள்?

பிடிக்காத ஜோடிகளை எடுத்துக்கொண்டு பட்டறை ஆசாரியிடம் போனார்கள். விரலால் தடவிப் பார்த்தவர், "இழைச்சு வெச்சு எவ்வளவு நாளாச்சு தம்பி? இழைச்ச சூட்டோட ஒட்டணும். கிளாம்பையும் இப்படி முறுக்குனா பசை பூரா வெளிய வந்துரும்" என்றார். அன்றே புதிதாக இழைத்து ஒட்டினார்கள். எண்கள் ஒன்றுக்கொன்று நெருங்கி வந்தன.

இன்னொரு கோளாறு அமைப்பிலேயே இருந்தது. மேலும் கீழுமாகப் படிந்த பட்டைகளை இழுக்கும்போது இரண்டு விசைகளும் ஒரே கோட்டில் இல்லை; அதனால் ஒட்டு வளைந்து, ஓரத்தில் உரியத் தொடங்குகிறது. பிடிகளில் பட்டையின் தடிமனுக்கே சிறு துண்டுகளை அண்டை கொடுத்துக் கோட்டை நேராக்கினார்கள். நேராக்கினாலும் ஒட்டு முழுவதும் சுமை சமமாகப் பரவாது, இரு முனைகளிலும்தான் குவியும் என்று 1938இலேயே ஃபோல்கர்சன் என்பவர் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார். படியும் நீளத்தை இரண்டு மடங்காக்கினால் பலமும் இரண்டு மடங்காகும் என்று எதிர்பார்க்க முடியாது.

அறிக்கைப் படிவத்தில் பசையின் பெயருக்கும் சராசரிக்கும் மட்டுமே கட்டம் இருந்தது. உடைந்த முகங்களின் புகைப்படங்கள் இல்லாமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தேன். மேற்பார்வையாளராக எனக்கு இதில் விட்டுக்கொடுக்க மனமில்லை. ஒட்டு எவ்வளவில் விட்டது என்பதைவிட எங்கே விட்டது என்பதுதான், அடுத்த ஒட்டை எப்படிப் போடுவது என்று சொல்கிறது.

இந்த ஆண்டு வந்தவர்களுக்கு மைதாப் பசையில் ஆசை. சுவரொட்டிக்குக் காய்ச்சுகிறார்களே, அதுதான். காகிதத்தை யாரும் நேராக இழுப்பதில்லை, ஓரத்தைப் பிடித்து உரிக்கிறார்கள். விசை முழுவதும் ஒரு கோட்டில் விழுவதால், இழுத்தால் கிலோக்கணக்கில் தாங்குவதும் உரித்தால் சில கிராமிலேயே வந்துவிடும். பழைய நெம்புகோல் இதற்கு உதவாது. கரும்பலகையில் புதிய அமைப்பொன்றை வரைந்துகொண்டிருக்கிறார்கள். உரிக்கும் கோணத்தைக் கடைசிவரை மாறாமல் எப்படி வைப்பது என்பதில்தான் இப்போது வாக்குவாதம்.