காலடிச் சூட்டின் கணக்கு

ரொறன்ரோப் பக்கம் குளியலறையை உடைத்துத் திருத்துகிறவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு கட்டத்தில் இந்தக் கேள்விக்கு வந்து நிற்கிறார்கள்: ரைல்ஸுக்குக் கீழே எலக்ரிக் சூடு போடுவதா, விடுவதா? விசாரித்தால் ஒருவர் சதுர அடிக்குப் பத்து டொலர் என்பார், இன்னொருவர் முப்பது என்பார். இரண்டு பேரும் உண்மை பேசுகிறவர்களாக இருக்கலாம். முதலாமவர் சொல்வது கேபிளின் விலை. மற்றவர் தேர்மோஸ்ரற், எலக்ரீசியன் கூலி, ரைல்ஸ் பதிப்பவரின் மேலதிக நேரம், 13 சதவீத வரி எல்லாவற்றையும் கூட்டிச் சொல்கிறார்.

சதுர அடியை வைத்து விலை கேட்பதே இந்த வேலைக்குப் பொருந்தாது என்பது என் எண்ணம். ஐந்தடிக்கு எட்டடி குளியலறை என்றால் 40 சதுர அடி. ஆனால் தொட்டிக்குக் கீழும் அலுமாரிக்குக் கீழும் கேபிள் ஓடாது. கால் படுகிற இடம் 25 சதுர அடிகூடத் தேறாது. அதேநேரம் தேர்மோஸ்ரற்றின் விலையும் எலக்ரீசியன் வந்துபோகும் செலவும் அறை சிறியதென்று குறைவதில்லை. அதனால் சின்ன அறையில் சதுர அடிக் கணக்கு பயமுறுத்தும். மொத்தத் தொகையோ தாங்கக்கூடியதாக இருக்கும்.

கேபிளை மூன்று விதமாகப் போடலாம். தனிக் கேபிளைத் தரையில் வளைத்து வளைத்து ஓட்டுவது விலை குறைவு, கூலி கூட. வலையில் ஒட்டிப் பாயாக வருவதை விரிப்பது சுலபம். வலையை வெட்டித் திருப்பலாம், கேபிளை மட்டும் வெட்டவே கூடாது. மூன்றாவது, குமிழ் குமிழான மெம்பிரேனுக்குள் கேபிளை அழுத்திப் பொருத்துவது. விலைப்பட்டியலில் அதிகமாகத் தெரிவது இதுதான். ஆனால் இங்குள்ள வீடுகளின் பலகைத் தரை குளிருக்கும் வெயிலுக்கும் அசையும். அந்த அசைவு ரைல்ஸுக்கு ஏறாமல் இருக்க, சூடு போடாவிட்டாலும் ஏதோ ஒரு மெம்பிரேன் வாங்கத்தான் வேண்டும். எப்படியும் செலவாகப்போகிற அந்தக் காசைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மூன்றுக்கும் இடையிலான தூரம் நன்றாகவே சுருங்கிவிடும்.

விற்பவர்கள் சிலர் தங்கள் கேபிள் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் என்கிறார்கள். அதை நம்பிக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். எந்தக் கேபிளும் ஒரு யூனிற் மின்சாரத்துக்கு ஒரே அளவு சூட்டைத்தான் தரும். மிச்சம் பிடிப்பவை இரண்டு: கீழே இன்சுலேஷன், மேலே நேரம் வைக்கும் தேர்மோஸ்ரற். சதுர அடிக்கு 12 வாட் என்று பார்த்தால் 25 சதுர அடிக்கு 300 வாட். நாளுக்கு நான்கு மணிநேரம் எரிந்தால் மாதம் 36 யூனிற். யூனிற்றுக்கு 15 சதம் என்று வைத்தால் ஐந்தரை டொலருக்குக் கிட்ட. விநியோகக் கட்டணமும் வரியும் கொஞ்சம் ஏற்றும். நேரத்துக்கு நேரம் விலை மாறும் திட்டத்தில் இருப்பவர்களுக்கு ஒன்ராறியோவின் குளிர்கால வாரநாட்களில் உச்சவிலை காலை ஏழு மணிக்குத் தொடங்குகிறது. ஐந்தரைக்கே தரையைச் சூடாக்கத் தொடங்கினால் ரைல்ஸ் அந்தச் சூட்டை ஏழுக்குப் பிறகும் கொஞ்ச நேரம் வைத்திருக்கும்.

இந்தச் செலவை நான் ஆடம்பரமாகப் பார்க்கவில்லை. நாங்கள் வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்கிறவர்கள். யாழ்ப்பாணத்துச் சீமெந்துத் தரையின் குளிர்மையில் ஆறுதல் கண்ட அம்மா, தை மாதத்துக் கனடா ரைல்ஸில் கால் வைக்கப் பயந்து விரல்நுனியில் நடக்கிறார். ஈரத் தரையில், எண்பதை நெருங்கும் வயதில் அப்படி நடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. சூடான தரை ஈரத்தையும் வேகமாக உலர்த்தும்.

எங்கள் வீட்டில் ரைல்ஸ் பதித்த தம்பி, கேபிளைப் பிரித்தவுடன் மீற்றரை வைத்து அளந்தார். சீட்டில் 48 ஓம் என்று அச்சாகியிருந்தது. மீற்றரும் அதை ஒட்டியே காட்டியது. விரித்த பின் ஒருமுறை, ரைல்ஸ் பதித்த பின் ஒருமுறை. “அண்ணை, மூன்றையும் எழுதி வையுங்கோ, நாளைக்கு ஏதும் எண்டால் இதைத்தான் கேப்பாங்கள்” என்றார். அளவுநாடாவைத் தரையில் நீட்டி வைத்து, கேபிள் ஓடும் பாதையைப் படமெடுக்கவும் சொன்னார். தரைச்சூட்டை உணரும் சென்சர் கம்பியில் ஒன்றை இணைத்து, இன்னொன்றைச் சும்மா புதைத்தார். முதலாவது பழுதானால் ரைல்ஸை உடைக்காமல் மற்றதை மாட்டிக்கொள்ளலாம். விலைப்பட்டியல்களை ஒப்பிடும்போது இந்தக் கவனத்துக்கும் ஒரு பெறுமதி போட வேண்டும். கூலிக்குச் செய்விப்பதென்றால் மின்னிணைப்பை உரிமம் பெற்ற கொன்ராக்ரர், மின்பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவித்துத்தான் செய்ய வேண்டும். அந்தக் கட்டணம் பட்டியலில் இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள்.

பேஸ்மென்றுக்கு வந்தால் கணக்கு தலைகீழாகிறது. 400 சதுர அடிக்கு 4,800 வாட். வழக்கமான தேர்மோஸ்ரற் ஒன்று 15 அம்பியர்தான் தாங்கும். 240 வோல்ற்றில் அது 3,600 வாட். ஆக இரண்டாவது கட்டுப்பாட்டுப் பெட்டி, புதுப் பிரேக்கர், பழைய வீடென்றால் பனலையே மாற்றும் செலவும் வரலாம். நாளுக்கு எட்டு மணிநேரம் முழுதாக எரிந்தால் மாதம் 170 டொலருக்கு மேல். இன்சுலேஷன் இல்லாத கொங்கிறீற் தரையென்றால் அதில் ஒரு பங்கு மண்ணுக்குள் போய்விடும். அதே சூட்டைக் காஸ் ஃபேர்னஸ் மலிவாகத் தரும்.

எங்கள் பேஸ்மென்றில் இந்த வருடம் இன்சுலேஷன் பலகை மட்டும் போடுகிறோம். அம்மாவின் சாமிப்படத்துக்கு முன்னால், அவர் நின்று கும்பிடும் இடத்துக்கு மட்டும் ஒரு சிறிய பாய்க்கேபிள். அதற்கான கம்பியை எலக்ரீசியன் சுவருக்குள் இழுத்து வைத்துவிட்டார்.