கைக்குழந்தையோடு ஆகாயப் பயணம்

தோட்டத் தொழிலாளரின் சம்பளப் பேச்சுவார்த்தைகளையும் தேர்தல் கூட்டங்களையும் எழுதியே பத்திரிகைத் தொழிலில் காலத்தைக் கழித்தவன் நான். கைக்குழந்தையை விமானத்தில் கொண்டு செல்வது எவ்வாறு என்று ஒருநாள் எழுத நேரும் என யாராவது அன்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். 2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஏழு மாதப் பேத்தியையும் அவளுடைய தாயையும் அழைத்துக்கொண்டு தோஹாவுக்குச் சென்றுவந்தேன். அதை அறிந்த நண்பர்கள், மருமகளை அனுப்பவேண்டும், மகளை அழைக்கவேண்டும் என்று ஒருவர் பின் ஒருவராக இதையே விசாரிக்கிறார்கள். நான் வைத்தியன் அல்லன். அந்தப் பயணத்தில் கற்றதையும், கற்காமற் போய் அவதிப்பட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீடு வலப்பனைப் பிரதேசத்தில், இராகலைக்கு அண்மையில், தேயிலை மலையின் சரிவில் இருக்கிறது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த மகள் பிள்ளைக்கு ஏழு மாதம் ஆகும்வரை எங்களோடு இருந்தாள். மருமகன் தோஹாவில் கணக்காளர். அவர் தம் மகளைக் கைத்தொலைபேசியின் திரையில் மட்டுமே கண்டிருந்தார். மகள் தனியே போவதாகத்தான் இருந்தது. "ரெண்டு கை போதாது, நீங்களும் போயிட்டு வாங்க" என்று என் மனைவி சொன்னதால் நானும் பயணச்சீட்டு எடுத்தேன்.

முதல் தொல்லை காகிதங்களில் தொடங்கிற்று. முன்னர் தாயின் கடவுச்சீட்டிலேயே பிள்ளையின் பெயரையும் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. இன்று பிறந்த குழந்தைக்கும் தனிக் கடவுச்சீட்டு வேண்டும். அதற்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். மலையகத்தவருக்கு இவ்விடத்தில் ஒரு சிக்கல் உண்டு. எங்கள் பெயர்கள் தோட்டத்துப் பதிவில் ஒரு விதமாகவும், அடையாள அட்டையில் வேறு விதமாகவும், பள்ளிக்கூடச் சான்றிதழில் இன்னொரு விதமாகவும் எழுதப்பட்டிருக்கும். என் மகளின் பெயரில் ஓர் எழுத்து கூடியிருந்தது. அந்த ஓர் எழுத்துக்காக நாங்கள் அலைந்த அலைச்சலை எழுதினால் அதுவே தனிக் கட்டுரையாகிவிடும். பயணச்சீட்டு வாங்கும் முன்னரே தாயின் பெயர், தந்தையின் பெயர், பிள்ளையின் பெயர் எல்லாக் காகிதங்களிலும் ஒரே எழுத்தில் இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். பெற்றோரில் ஒருவர் மட்டும் பிள்ளையோடு பயணிப்பதாயின் மற்றவரின் சம்மதக் கடிதத்தைக் கையில் வைத்திருப்பது நல்லது. சில நாடுகளில் கேட்பார்கள்.

இரண்டு வயது நிரம்பாத பிள்ளைக்குத் தனி இருக்கை கட்டாயமில்லை. தாயின் மடியில் வைத்துக்கொள்ளலாம். கட்டணமும் குறைவு. ஆனால் திரும்பி வருவதற்குள் இரண்டு வயது பூர்த்தியாகுமானால் திரும்பும் பயணத்துக்கு இருக்கை வாங்கியே ஆகவேண்டும். வசதியுள்ளவர்கள் சின்னஞ்சிறு பிள்ளைக்கும் தனி இருக்கை வாங்கி, விமானத்துக்கென அங்கீகரிக்கப்பட்ட குழந்தை ஆசனத்தில் கட்டி வைப்பதே பாதுகாப்பானது என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் வற்புறுத்துகிறது. விமானம் திடீரெனக் குலுங்கினால் தாயின் கைப்பலம் போதாது என்பதே காரணம். எங்களுக்கு அந்த வசதி இருக்கவில்லை. மடிதான்.

புறப்பட இரண்டு நாள் இருக்கையில் உறவுக்காரப் பெண்ணொருத்தி வந்து, சளிக்குக் கொடுக்கும் பாணி மருந்தில் ஒரு தேக்கரண்டி கொடுத்தால் பிள்ளை தோஹாவரை தூங்கிவிடும் என்று யோசனை சொன்னாள். சொன்னவளின் நோக்கத்தில் குற்றமில்லை. நல்லவேளையாக மகள் குழந்தை நல வைத்தியரிடம் கேட்டாள். அவர் கோபித்துக்கொண்டார். இவ்வகைத் தூக்க மருந்துகள் சிறு குழந்தையின் மூச்சை மந்தப்படுத்தக் கூடியவை. புரோமெத்தசீன் என்ற மருந்தை இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது. சில பிள்ளைகளுக்கு இவை எதிர்மாறாக வேலைசெய்து, தூங்க வைப்பதற்குப் பதிலாகத் துள்ள வைப்பதும் உண்டு. பிள்ளை அழுதால் அழட்டும். அந்த அழுகைக்கு அஞ்சி மருந்து கொடுக்காதீர்கள். பிள்ளைக்குக் கடும் சளியோ காதுவலியோ இருந்தால் பயணத்துக்கு முன் வைத்தியரிடம் காட்டுங்கள். குறை மாதத்தில் பிறந்த பிள்ளையானாலும் அவ்வாறே.

எங்கள் மலைக்காரருக்கு விமானப் பயணம் கட்டுநாயக்கவில் தொடங்குவதில்லை. இராகலையிலிருந்து கந்தப்பளை, நுவரெலியா, றம்பொடை, புசல்லாவை, கம்பளை என்று கொண்டையூசி வளைவுகளில் இறங்கும்போதே தொடங்கிவிடுகிறது. பிள்ளைக்கு வயிறு நிறையப் பால் கொடுத்து வேனில் ஏற்றிவிட்டோம். றம்பொடையைத் தாண்டுமுன் அத்தனையும் மகளின் தோளில் வந்துவிட்டது. வளைவுப் பாதையில் கொஞ்சங் கொஞ்சமாகக் கொடுப்பதே சரி. மாற்றுடை பிள்ளைக்கு மாத்திரமன்று, தூக்கிச் செல்பவருக்கும் வேண்டும் என்பதை அன்றுதான் கற்றோம்.

நுவரெலியாவைக் கடக்கையில் நானுஓயாவுக்குப் பிரியும் பாதை கண்ணிற்பட்டது. எழுபதுகளின் தொடக்கத்தில் சிறுவனாக நான் என் அத்தையை வழியனுப்பப் போன பாதை அது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. அவர்களில் ஒருத்தியாக, நாற்பது நாள் பிள்ளையோடு அத்தை புறப்பட்டாள். தலைமன்னார் செல்லும் அந்தப் புகையிரதத்துக்கு எங்கள் மக்கள் இட்ட பெயர் ஒப்பாரிக் கோச்சி. பெட்டிக்குள் சாமான் வைக்கும் தட்டில் சேலையைக் கட்டித் தொட்டிலாக்கிப் பிள்ளையைப் போட்டார்கள். அங்கிருந்து கப்பலில் இராமேசுவரம், பிறகு மண்டபம் முகாம். அந்தப் பிள்ளை இன்று கோத்தகிரியில் பேரன் பேத்தி கண்டுவிட்டான். அத்தை மட்டும் திரும்பி வரவேயில்லை. வேனில் இதை நான் மகளிடம் சொல்லவில்லை. பயணம் புறப்படும்போது சொல்லக்கூடிய கதையன்று அது.

விமான நிலையத்தில் திரவப் பொருள்களுக்கு 100 மில்லிலீற்றர் என்ற எல்லை உண்டு. பயணத்துக்குத் தேவையான அளவில் குழந்தைப் பாலுக்கும் உணவுக்கும் இவ்விதியில் பொதுவாக விலக்கு அளிப்பார்கள். மறைக்காமல் தனியே எடுத்துக் காட்டிவிட்டால் தொல்லையில்லை. பிள்ளையோடு வருவோரை முதலில் ஏறுமாறு அழைப்பார்கள். உடனே எல்லோரும் ஓடவேண்டாம். ஒருவர் பைகளோடு முன்னே ஏறட்டும். நடக்கத் தெரிந்த பிள்ளையாயின் மற்றவர் அதைக் கடைசிவரை வெளியே ஓடவிட்டுக் களைக்க வைக்கட்டும். மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு இந்த ஓட்டமும், சன்னலோர இருக்கையும், முன்பு பார்த்திராத ஒரு சிறு விளையாட்டுப் பொருளும் போதும். அவர்களுடைய சட்டைப்பையில் பெற்றோரின் தொலைபேசி எண்ணை எழுதி வைத்துவிடுங்கள்.

முன்கூட்டியே கேட்டிருந்ததால் எங்களுக்குத் தடுப்புச் சுவருக்கு முன்னாலுள்ள வரிசையில் இடம் கிடைத்தது. அந்தச் சுவரில்தான் குழந்தைத் தொட்டிலை மாட்டுவார்கள். அதற்கு எடை வரம்பு உண்டு. விமானத்துக்கு விமானம் வேறுபடும். இருக்கைப்பட்டி விளக்கு எரியும் ஒவ்வொரு தடவையும் பிள்ளையைத் தூக்கிவிட வேண்டும். அப்போதுதான் கண்ணயர்ந்திருக்கும். எங்கள் பேத்தி அந்தத் தொட்டிலைச் சட்டைசெய்யவில்லை. வீட்டிலிருந்து மகள் கொண்டுவந்த பழைய நூற்சேலைக்குள்தான் தூங்கினாள். வீட்டு வாசம் உள்ள துணியொன்றை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.

இனி என் தவறு. கைப்பை கனக்கிறதே என்று அணையாடைப் பொதியில் பெரும்பகுதியைச் சாமான்களோடு உள்ளே அனுப்பிவிட்டேன். ஐந்து மணிநேரப் பயணம், நான்கு போதும் என்பது என் கணக்கு. ஏறி அமர்ந்த பிறகு விமானம் இரண்டு மணிநேரத்துக்கு மேல் நகரவில்லை. வானில் எழுவதற்கு முன்பே மூன்று முடிந்துவிட்டன. மணிக்கு ஒன்று என்று கணக்கிட்டு, அதற்குமேல் பாதி கூட்டி எடுத்துச் செல்லவேண்டும் என்று இப்போது எல்லோருக்கும் சொல்கிறேன். அன்று மகள் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

எங்களைக் காப்பாற்றியவள் மூன்றாவது இருக்கையில் இருந்த இளம்பெண். அதுவரை சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, புள்ளையக் குடுங்க" என்று வாங்கி, தன் பையிலிருந்த புதுப் பருத்தித் துவாயை இரண்டாகக் கிழித்து மடித்துக் கட்டிவிட்டாள். கை பழகிய கை. பேசிப் பார்த்தபோது எங்கள் பக்கத்துப் பெண் என்று தெரிந்தது. தாய் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக இருந்தவராம். கொழுந்து பறிக்கப் போனவர்களின் கைக்குழந்தைகள் நடுவில்தான் இவள் வளர்ந்திருக்கிறாள். வீட்டுப் பணிப்பெண்ணாக இரண்டு வருட ஒப்பந்தத்தில் போகிறாள். மூன்றரை வயதில் ஒரு மகன், அம்மாவிடம். "நுவரெலியாவுக்குப் போய் சாமான் வாங்கிட்டு வாறேன்னு சொல்லிட்டு வந்தேங்கையா" என்றாள்.

ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய்மார் இவ்வேலைக்கு வெளிநாடு செல்வதை அரசாங்கம் 2013ஆம் ஆண்டு கட்டுப்படுத்தியது. பின்னர் அது தளர்த்தப்பட்டது. அன்று அக்கட்டுப்பாடு நியாயமானது என்று எழுதியவர்களில் நானும் ஒருவன். பிள்ளைகளின் நலன் கருதி எழுதினேன். தோட்டத்துச் சம்பளத்தில் அந்தப் பிள்ளைகளுக்குப் பால்மா வாங்க முடியுமா என்று அந்தக் கட்டுரையில் நான் கேட்கவில்லை. என் பேத்தி அவள் மார்பில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். நான் பத்திரிகைக்காரன் என்பதை அவளிடம் சொல்லவில்லை.

காது வலியைப் பற்றிச் சொல்லவேண்டும். எல்லோரும் அஞ்சுவது அதைத்தான். விமானம் எத்தனை உயரத்தில் பறந்தாலும் அதன் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் பெரும்பாலும் 6000 முதல் 8000 அடி உயரத்துக்கு ஒப்பாக வைக்கப்பட்டிருக்கும். நுவரெலியா 6100 அடிக்கு மேலே. பிதுருதலாகலை உச்சி 8281 அடி. ஆக, விமானத்தில் இருக்கும் பிள்ளை எங்கள் மலைக்காற்றைத்தான் சுவாசிக்கிறது. ஏறும்போது காதினுள்ளிருக்கும் காற்று எளிதாக வெளியேறிவிடும். இறங்கும்போதுதான் தொண்டையையும் நடுக்காதையும் இணைக்கும் சிறு குழாய் எளிதில் திறக்காமல் வலியுண்டாகும். விழுங்கும்போது அது திறக்கும். பெரியவர்களுக்கு எச்சில் விழுங்கத் தெரியும், கைக்குழந்தைக்குப் பால்தான் வழி.

மகள் தரையிறங்கும் நேரத்துக்கென்று பாலூட்டலைத் தள்ளி வைத்திருந்தாள். அந்தப் பெண், "இப்பவே எழுப்பிக் குடுங்கக்கா, காது அடைக்க ஆரம்பிச்சிருச்சு" என்றாள். விமானம் அப்போதுதான் இறங்கத் தொடங்கியிருந்தது. அவள் சொன்னதே சரி. தரையைத் தொடுவதற்கு ஏறக்குறைய அரைமணி நேரம் முன்பே இறக்கம் தொடங்கிவிடும். தூங்கும் பிள்ளையை எழுப்ப மனம் வராது, எனினும் எழுப்பவேண்டும். சிறிது குடிக்கவிட்டு நிறுத்தி, மீண்டும் சிறிது கொடுத்து, சக்கரம் தரையைத் தொடும்வரை நீட்டவேண்டும். பால் மறுத்தால் சூப்பியாவது வாயில் இருக்கட்டும். சற்று வளர்ந்த பிள்ளைக்குத் தண்ணீர் போதும். எங்கள் வரிசையில் அழுகுரல் கேட்கவில்லை. பின்னால் இரண்டு குழந்தைகள் கதறிக்கொண்டிருந்தன. எழுந்துபோய்ச் சொல்லலாம் என்றால் பட்டி கட்டியிருந்தது.

தோஹாவில் இறங்கியபோது அங்கே பின்னிரவு நெருங்கிக்கொண்டிருந்தது. மருமகன் மகளை வாங்கினார். அவள் புது முகத்தைப் பார்த்து வீறிட்டு அழுதாள். ஏழு மாதப் பிள்ளைகள் அப்படித்தான். சில நாள்கள் ஆகும். மனம் நோக வேண்டாம் என்று தந்தைமாருக்கு முன்பே சொல்லி வையுங்கள். நான் சொல்ல மறந்திருந்தேன்.

அந்தப் பெண்ணை அழைத்துப்போக வேண்டியவர் இன்னும் வந்திருக்கவில்லை. அவளுடைய தொலைபேசியில் அந்நாட்டுத் தொடர்பும் இல்லை. மருமகனின் தொலைபேசியைக் கொடுத்து ஊருக்குப் பேசச் சொன்னேன். எங்கள் நாட்டில் அப்போது இரண்டரை மணிநேரம் கூடுதல். வெகுநேரம் மணி அடித்த பிறகே எடுத்தார்கள். சுகமாக வந்து சேர்ந்ததைச் சொன்னாள். மறுமுனையில் தாய் என்ன கேட்டாரோ தெரியாது.

"வேணாம்மா, தூங்கட்டும். எழுப்பாதீங்க" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியைத் திருப்பித் தந்தாள்.